எத்தனை நாளைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை

அம்மாவின் பிஸ்கட் தகரத்துக்குள் இரண்டு கடதாசி உறைகள் இருந்தன. ஒன்று கசங்கி, மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போயிருந்தது. மற்றது நேற்று வாங்கியது போல விறைப்பாக இருந்தது. பழைய உறைக்குள் நித்திரைக் குளிசை, புதிய உறைக்குள் பதகளிப்புக்கான குளிசை. முதலாவதை இரண்டு வாரத்தில் விட்டிருக்க வேண்டும். அம்மா அதைப் பதினொரு வருடம் விழுங்கினார். இரண்டாவதை மாதக்கணக்கில் விழுங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் நாளே ஒதுக்கிவைத்துவிட்டார். விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டுவிட்ட இந்தக் கதை எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது என்று நினைத்திருந்தேன். திருகோணமலை மனநல கிளினிக் வாங்கில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களுடன் பேசிய பிறகுதான் அப்படியில்லை என்று தெரிந்தது. மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மா, கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ஐயா, தம்பலகாமத்து இளைஞன் ஒருவன்: மூன்று பேரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

2011இல் அப்பா இறந்தார். எட்டுச் செலவு முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது. இரவு முழுவதும் சாய்மனைக் கதிரையில் இருப்பார். விடியற்காலையில் பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்டதும் எழும்பிக் குளிக்கப் போவார். மூன்று வாரம் பார்த்துவிட்டு நான்தான் அவரைத் தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே குளோனசிப்பாம் 0.5 மில்லிகிராம், இரவில் அரைக் குளிசை என்று எழுதித் தந்தார்கள். முதல் இரவே அம்மா ஏழு மணி நேரம் நித்திரை கொண்டார். காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குளிசைமேல் இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அது தேவைப்பட்டது, வேலையும் செய்தது.

எத்தனை நாளைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. மருந்துத் துண்டை நான்காக மடித்து அம்மா கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முடிந்தபோதெல்லாம் அதே துண்டைக் காட்டி வாங்கினார். துண்டு கிழிந்து எழுத்து அழிந்த பிறகு, பழகிய முகம் என்று கேள்வியில்லாமலே தந்தார்கள். சட்டப்படி அப்படிக் கொடுக்கக் கூடாது. வாங்கியவர்கள் நாங்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டில் அதற்குப் பனடோலுக்கு இருந்த இடம்தான் இருந்தது.

இந்தக் குளிசை எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குப் பல வருடம் கழித்து ஒரு டொக்டர் தாளில் படம் கீறிக் காட்டினார். மூளையில் காபா என்றொரு இரசாயனம் இருக்கிறது. அடக்குவதுதான் அதன் தொழில். நரம்புக் கலத்தின் சுவரில் உள்ள ஒரு வாயிலை அது தொட்டால் குளோரைட் அயன்கள் உள்ளே போகும், கலம் அமைதியாகும். டயசிப்பாம், லோறாசிப்பாம், அல்பிரசோலாம், குளோனசிப்பாம் என்று பெயர்கள் வேறுபட்டாலும் பென்சோடயசிப்பின் குடும்பத்துக் குளிசைகள் எல்லாம் அந்த வாயிலை அடிக்கடி திறக்க வைக்கின்றன. உவர்மலைச் சரிவில் சைக்கிளில் இறங்குகிறவனுக்குப் பிரேக்கை இன்னொருவர் அழுத்திப் பிடித்துக் கொடுப்பது போல. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் வெளியிலிருந்து பிரேக் அழுத்தப்படும்போது, தன்னுடைய பிரேக்கை அது தளர்த்திவிடும். வேகத்தை உந்தும் பக்கத்தையும் கூட்டிக்கொள்ளும். பிறகு அதே அளவு குளிசை போதாது. திடீரென்று குளிசையை எடுத்துவிட்டால் சைக்கிள் பிரேக்கே இல்லாமல் சரிவில் பாயும்.

அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. மூன்றாம் வருடம் அரைக் குளிசை முழுக் குளிசையானது. யாரும் சொல்லி அல்ல, “அரை காணாது பிள்ளை” என்று அவரே கூட்டிக்கொண்டார். 2019இல் ஓர் இரவு குளியலறைக்குப் போகும்போது விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஈரத் தரையைக் குற்றம் சொன்னோம், பழைய செருப்பை எறிந்தோம், கைபிடிக்கச் சுவரில் ஒரு கம்பி பூட்டினோம். வயதானவர்கள் இந்தக் குளிசையில் விழுவதும் எலும்பு முறிவதும் மருத்துவ உலகம் நெடுநாளாக எச்சரித்து வரும் விடயம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நித்திரைக்காக இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வயதான ஈரல் மருந்தை மெதுவாகவே கழிக்கிறது. குளோனசிப்பாம் பாதியாகக் குறையவே முப்பது நாற்பது மணி நேரம் போகலாம். நேற்றைய குளிசை முழுதாகப் போவதற்குள் இன்றையது சேர்ந்துவிடுகிறது. பகலில் அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்ததையெல்லாம் நாங்கள் வயதுக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குளிசைகளின் பிறப்பே ஒரு தற்செயல். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற யூத வேதியியலாளர் நாசிக் காலத்தில் ஐரோப்பாவை விட்டு 1941இல் அமெரிக்கா போனவர். நியூஜெர்சியில் ரோஷ் நிறுவன ஆய்வுகூடத்தில் இருந்தார். 1957இல் அங்கே ஒதுங்கவைக்கும் வேலை நடந்தபோது, பயன்படாது என்று வைத்திருந்த ஒரு பொருள் கண்ணில் பட்டு, எதற்கும் பார்ப்போமே என்று சோதனைக்குப் போனது. அதுதான் 1960இல் லிப்ரியமாகச் சந்தைக்கு வந்தது. 1963இல் வலியம் வந்தது. அதற்கு முன்னர் நித்திரைக்குக் கொடுத்த பார்பிட்டுரேட்டுகள் சிறிது கூடினாலே உயிரைக் குடித்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவோ பாதுகாப்பு என்று டொக்டர்கள் நம்பி அள்ளி எழுதினார்கள். அந்த ஒப்பீடு பிழையல்ல. ஆனால் பழகிப்போவதை உணர வருடங்கள் பிடித்தன. 1988இல் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று தெளிவாக அறிவித்தது. அம்மா முதல் குளிசையை விழுங்கும்போது அந்த அறிவிப்பு வந்து 23 வருடம் ஆகியிருந்தது. எங்கள் கையில் தந்த உறையில் “இரவு ½” என்று மட்டும் இருந்தது.

2022 வந்தது. டொலர் இல்லாமல் நாடு திணறிய வருடம். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. வழமையான பாமசியில் அம்மாவின் குளிசை இல்லை. மற்ற இரண்டிலும் இல்லை. கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் வரும் ஒருவரிடம் சொல்லிவிட்டோம், அவருக்கும் கிடைக்கவில்லை. “பரவாயில்லை, ஒரு நித்திரைக் குளிசைதானே” என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுடுகிறது.

முதலிரண்டு நாள் நித்திரை மட்டும் இல்லை. மூன்றாம் நாள் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. மின்விசிறிச் சத்தம் தாங்க முடியாமல் அதை நிறுத்தச் சொன்னார். யன்னல் வெளிச்சம் குத்துகிறது என்று சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார். தோலுக்குள் எறும்பு ஓடுகிறது என்றார். நான்காம் நாள் இரவு, டச்பே பக்கமிருந்து வருகிற அலைச் சத்தம் தன் தலைக்குள் கேட்கிறது என்று அழுதார். அம்மா புத்தி பேதலித்துப் போகிறார் என்றே நான் பயந்தேன். முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இரவுக் கடமையில் இருந்த இளம் பெண் டொக்டர் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “அம்மா ஏதாவது குளிசையை நிறுத்தினாரா?” எத்தனை வருடம் என்று சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வலிப்பு வந்திருக்கலாம் என்றார். உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்று பிறகு மெல்லிய குரலில் சொன்னார். வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் இதை ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் விபரத்தாளிலும் இதைக் கறுப்புக் கட்டத்துக்குள் எழுத வேண்டும் என்று கட்டளையிட்டது. இதை வாசிக்கிற யாராவது இந்தக் குளிசையை நீண்ட நாளாக எடுப்பவராக இருந்தால், என் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவு நிறுத்திவிடாதீர்கள். முதலில் டொக்டரிடம் போங்கள்.

அன்றிரவு டயசிப்பாம் கொடுத்தார்கள். மறுவாரம் மனநல கிளினிக்குக்குத் துண்டு தந்தார்கள். “எனக்கென்ன விசரா?” என்று அம்மா கேட்டார். மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதால் அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்ட நாடு இது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளினிக் கொப்பியைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று வாசலிலேயே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மனநல டொக்டர் நித்திரையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பகலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கதவைப் பூட்டினேனா என்று எத்தனை தடவை பார்ப்பீர்கள், பிள்ளை ஐந்து மணிக்கு வராவிட்டால் என்ன நினைப்பீர்கள், வயிறு பிசைகிறதா, கழுத்து இறுகுகிறதா என்று கேட்டார். அப்போதுதான் கதவடியில் கொளுவியில் தொங்கும் பையைப் பற்றி நான் சொன்னேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்ததிலிருந்து அது அங்கே தொங்குகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, இரண்டு சேலை, ஒரு டோர்ச் லைட். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அம்மா பற்றரி மாற்றுவார். 2006இல் போருக்குப் பயந்து மூதூர்ச் சனங்கள் ஓடிவந்தபோது அதற்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்தது. பதினெட்டு வருடமாக அந்தப் பையை நாங்கள் தினமும் கடந்து போனோம். திருகோணமலையில் யார் வீட்டில்தான் அப்படி ஒரு பை இல்லை என்று விட்டுவிட்டோம்.

“அம்மாவுக்கு இருப்பது பதகளிப்பு நோய். நித்திரை வராதது அதன் ஒரு பக்கம் மட்டும்தான்” என்றார் டொக்டர். இத்தனை வருடமும் புகைக்கு மருந்து கொடுத்திருக்கிறோம், நெருப்பைப் பார்க்கவில்லை.

அவர் எழுதியது சேர்ட்ராலின், 25 மில்லிகிராமில் தொடக்கம். புளுஒக்செற்றின், எஸிற்றலோபிராம் எல்லாம் இந்த இனம்தான். மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள் என்றாலும், பதகளிப்பு நோய்க்கு இன்று முதலில் எழுதுவது பெரும்பாலும் இவற்றைத்தான். இவை நரம்புகளுக்கிடையே செரொட்டோனின் என்ற இரசாயனம் கூடுதல் நேரம் தங்க வழி செய்கின்றன. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் வருவது தொல்லைதான்: குமட்டல், தலையிடி, சிலருக்குப் பதற்றமே சற்றுக் கூடும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்பதால் வீட்டார் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்று அம்மாவுக்கு இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் எழுதினார்கள்.

இங்கேதான் அந்த ஐந்தாம் நாள் வருகிறது. அம்மாவுக்கு ஓங்காளம். “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, பழையதுதான் நல்லம்” என்று உறையைத் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது இயல்பானதுதான். ஒரு குளிசை விழுங்கி அரை மணி நேரத்தில் சுகம் தருகிறது. மற்றது விழுங்கி ஐந்து நாளாக வயிற்றைக் கலக்குகிறது. எது மருந்து என்று உடம்பிடம் கேட்டால் உடம்பு பிழையான பதிலைத்தான் சொல்லும். அந்த இடத்தில் ஆள் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அதைச் சொன்னவர் கிளினிக் தாதி. “சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கோ அம்மா. இரண்டாவது கிழமை ஓங்காளம் குறையும். ஒரு மாதம் எனக்காக விழுங்குங்கோ” என்றார். அந்த ‘எனக்காக’வுக்குத்தான் அம்மா இணங்கினார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மருந்து ஆலோசனை சொல்ல வராத ஆள் இல்லை. மாமி ஒருவர் பிரிட்டோன் குளிசை எடுத்தால் நல்ல நித்திரை என்றார். அது ஒவ்வாமைக்கான மருந்து, மயக்கம் அதன் பக்கவிளைவு. வயதானவர்களுக்கு மறதியையும் மலச்சிக்கலையும் கூட்டும். இன்னொருவர் தன் கணவரின் அமிற்றிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வுக் குளிசையைத் தர வந்தார். என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. நேர்முகப் பரீட்சைக்குப் போக இருந்த ஒரு தங்கைக்கு, நெஞ்சுப் படபடப்புக்கு நல்லது என்று அயலவர் ஒருவர் புரோபிரனலோல் கொடுத்துவிட்டிருந்தார். மேடைப் பயத்துக்கு அதை எழுதுவது உண்டு. இதயம் அடிக்கும் வேகத்தையும் கைநடுக்கத்தையும் அது குறைக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிறு வயது முதல் இழுப்பு. இழுப்பு உள்ளவர்களுக்குப் புரோபிரனலோல் மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். தற்செயலாக என்னிடம் சொன்னதால் குளிசை திரும்பிப் போனது. சாராயம் எடுக்கிறவர்கள் நித்திரைக் குளிசையையும் சேர்த்து விழுங்குவதையும் நம்மூரில் நான் அறிவேன். இரண்டும் சேர்ந்தால் நித்திரையில் மூச்சே அடங்கிப்போகலாம். வலிக்குக் கொடுக்கும் மோர்பின் இன மருந்துகளோடும் அப்படித்தான்.

அம்மாவின் பழைய குளிசைக்குப் பதிலாக டயசிப்பாமைத் தந்து, அதையே மெல்லக் குறைப்பது என்று டொக்டர் முடிவெடுத்தார். டயசிப்பாம் உடம்பில் நெடுநேரம் நிற்கும். அதனால் குறைக்கும்போது சரிவு மெதுவாக இருக்கும். பிரித்தானியாவில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982 முதல் 1994 வரை நியூகாசிலில் இதற்காகவே ஒரு கிளினிக் நடத்தி, நூற்றுக்கணக்கானவர்களை இப்படி மெல்ல மெல்ல இறக்கினார். எங்கள் டொக்டரும் அந்த வழியில்தான் போனார். இரவில் இரண்டு குளிசையில் தொடங்கி, நான்கு ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை கால் குளிசை குறைத்தோம். இந்தக் கணக்கு அம்மாவுக்கு மட்டும் போட்ட கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.

காலாக வெட்டுவது என் வேலை. சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, குளிசையை நடுக் கோட்டில் பிளேடால் அழுத்தினால் ‘டக்’கென்று இரண்டாகும். அந்த அரையை மறுபடி வெட்டுவதுதான் கஷ்டம். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போகும். விளிம்பு நொறுங்கி வெள்ளைத் தூள் பத்திரிகையில் விழும். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். “இன்றைக்குப் பெரியது தா” என்பார் சில நாள். மார்கழி வந்தபோது, கடல் வந்த நாள் நெருங்க, அவரால் முடியவில்லை. டொக்டரிடம் சொன்னோம். அந்த மாதம் குறைக்க வேண்டாம், அப்படியே நில்லுங்கள் என்றார். நின்றோம். பின்னுக்குப் போகவில்லை.

குளிசை குறைந்த இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டியிருந்தது. நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மருந்து அல்ல, நித்திரைப் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. கிளினிக்கில் அதை எளிமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு நேரத்துக்கு நித்திரை கொண்டாலும் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். பகலில் சாயக் கூடாது. மூன்று மணிக்குப் பிறகு பிளேன்டீ இல்லை. நித்திரை கண்ணைச் சுழற்றினால் மட்டும் கட்டிலுக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் போலப் புரண்டும் வராவிட்டால் எழும்பி வெளியே வந்துவிட வேண்டும். கட்டிலைக் கண்டாலே பயம் என்று இருந்த அம்மாவுக்கு இந்தக் கடைசி விதிதான் பிடித்தது. முன்வாசலில் கதிரையில் இருப்பார். எங்கள் தெருவுக்கு இரவில் மான்கள் வரும். கேற்றடியில் நாங்கள் போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டு நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண் செருகும்போது உள்ளே போவார். இரண்டு மாதத்தில் அந்த இருப்பு அரை மணி நேரமாகக் குறைந்தது. சேர்ட்ராலினும் அதற்குள் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கதவுப் பூட்டை ஒரு தடவைதான் பார்த்தார். நான் பிந்தி வந்தால் தொலைபேசி எடுப்பது நின்றது. பை இன்னும் கொளுவியில்தான் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பதினொரு மாதம் எடுத்தது. 2023இல் ஒரு வியாழக்கிழமை கடைசிக் கால் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கினார். அதற்குப் பிறகு வந்த நான்கைந்து இரவு நித்திரை கலைந்து கலைந்து வந்தது. டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று அம்மா கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். டொக்டர் எல்லாம் கேட்டு எழுதி முடித்து, சேர்ட்ராலினைத் தொடரச் சொல்லி, கொப்பியை மூடப்போனார். அம்மா எழும்பவில்லை.

“டொக்டர், இதை எத்தனை நாளைக்கு விழுங்க வேண்டும்?”

டொக்டர் பேனையை மறுபடி எடுத்தார். சுகமாக இருக்கும் நிலையில் இன்னும் ஒரு வருடம் போகட்டும், பிறகு இதையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், அப்போது இருந்து பேசுவோம் என்றார். “அதை எழுதித் தாருங்கோ” என்றார் அம்மா. அவர் மாதத்தையும் வருடத்தையும் எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.